அக்குள் கருப்புக்கு நான் கொட்டிய பணமும், கடைசியில் செய்துகொண்ட ரத்தப் பரிசோதனையும்

முகத்தில் பரு வந்தால் ஊரே வைத்தியம் சொல்லும். அக்குள் கருத்துப்போனால் யாரிடம் போய்க் கேட்பது? அம்மாவிடம் சொல்லவே எனக்குக் கூச்சம், வீட்டுக்காரரிடம் சொல்ல அதைவிடக் கூச்சம். அதனால் ஃபோனில் பார்த்ததையும் கடைக்காரர்கள் எடுத்துக் கொடுத்ததையும் ஒரு வருடத்துக்கு மேல் பூசிக்கொண்டு திரிந்தேன். பணம் போனதுகூடப் பரவாயில்லை. கருப்பைப் போக்கப் போய், இனி எந்தக் காலத்திலும் போகாத கோடுகளை வாங்கிக்கொண்டு வந்தேன். இதே கூச்சத்தோடு கண்ணாடி முன்னால் கையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருக்கும் யாருக்காவது உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

நான் திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசர். முப்பது வயதைத் தாண்டிவிட்டது, ஒரு குழந்தை. பிரசவத்தில் ஏறிய எடை இறங்கவே இல்லை, 158 செ.மீ. உயரத்துக்கு 71 கிலோ. மாதவிடாய் நாற்பது நாள், ஐம்பது நாள் என்று தள்ளித் தள்ளி வந்தது. இதற்கும் அக்குளுக்கும் ஏதாவது சம்பந்தம் இருக்கும் என்று நினைக்க எனக்கு எந்த முகாந்திரமும் இல்லை. முதலில் லேசான பழுப்பு, அப்புறம் சாம்பல் கலந்த கருப்பு. தொட்டுப் பார்த்தால் பக்கத்துத் தோல் போல வழுவழுப்பாக இல்லாமல் தடித்து, மெத்தென்று, சின்னச் சின்ன வரிகளாக இருந்தது. பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடிக்காமல் சீட்டைப் பிடித்துக்கொண்டு நிற்க ஆரம்பித்தேன். நாத்தனார் கல்யாணத்துக்கு ஜாக்கெட் கையை முழங்கை வரை வைத்துத் தைக்கச் சொன்னேன். "ஏனுங்க்கா, இந்த வெயிலுக்கு இவ்வளவு நீளமா?" என்று தையல்கார அக்கா கேட்டார். இப்போ இதுதானுங்க ஃபேஷன் என்று சொல்லிச் சமாளித்தேன். மே மாதம், ஏசி இல்லாத மண்டபம். எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தில் ஒன்று. நம் ஊர் நிறத்துக்கு அக்குள் மற்ற இடங்களைவிட ஒன்றிரண்டு ஷேடு கூடுதலாக இருப்பது இயல்பு. மடிப்பான இடம், வியர்வை, உரசல் எல்லாம் சேர்ந்து அப்படித்தான் இருக்கும். ரோல்-ஆன் விளம்பரத்தில் கையைத் தூக்கிச் சிரிக்கும் பெண்ணைப் பார்த்து ஏங்க வேண்டாம். எங்கள் கேட்லாக் படங்களே கம்ப்யூட்டரில் மெருகேற்றித்தான் வெளியே போகும், அக்குள் உட்பட. கவனிக்க வேண்டியது மாற்றத்தைத்தான். முன்பு இல்லாத கருப்பு, தடிப்பு, அரிப்பு, செதில், நாற்றம், அல்லது கழுத்திலும் தொடை இடுக்கிலும் அதே மாதிரி கருப்பு இருந்தால் அது அழகு சமாச்சாரம் இல்லை.

ஒரு நாள் அம்மாவே பார்த்துவிட்டார். "அழுக்கு அடைஞ்சிருக்கு அம்மிணி, நல்லாத் தேச்சுக் குளி" என்றார். பீர்க்கங்காய் நாரும் கடலை மாவும் போட்டு, எரிச்சல் வரும்வரை தேய்த்தேன். நம் தோலை எங்கே தொடர்ந்து உரசினாலும் அது தடித்துக் கருக்கும். அக்குளிலும் அதேதான் நடந்தது. அப்புறம் வீடியோ வைத்தியம். எலுமிச்சைச் சாறு, சமையல் சோடா, உருளைக்கிழங்குச் சாறு என்று வரிசையாக வந்தன. ரேசரால் மழித்த தோலில் எலுமிச்சையைப் பூசிய அன்று இரவு கையை உடம்போடு ஒட்டவைத்துப் படுக்க முடியவில்லை. எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு இதை ஒரே வரியில் சொல்லலாம். தோலோடு ஒட்டும் துணிக்கு, ஓகோ-டெக்ஸ் என்ற சர்வதேசத் துணிப் பாதுகாப்புத் தரத்தில், பிஎச் எனும் அமில-கார அளவு 4.0 முதல் 7.5 வரைதான் அனுமதி. அதைத் தாண்டினால் பையர் சரக்கை வாங்க மாட்டார். எலுமிச்சைச் சாறு பிஎச் 2 சொச்சம், சமையல் சோடா 8-க்கு மேல். துணிக்கே ஆகாததைத் தோலில் பூசச் சொல்கிறார்கள். எலுமிச்சை பூசிய இடத்தில் வெயில் பட்டால் கொப்புளித்து, ஆறும்போது இன்னும் கருப்பாகும். நம் ஆட்களுக்கு எரிச்சல், புண், கொப்புளம் எது வந்தாலும் ஆறிய பிறகு ஒரு கருப்புத் தடம் விட்டுத்தான் போகும். அந்தத் தடம் மறைய மாதக்கணக்கு ஆகும்.

அடுத்தது பார்லர். "அண்டர்ஆர்ம் வைட்டனிங்" பேக்கேஜ், ஒன்பதாயிரம் ரூபாய், முன்பணமாகக் கட்டினால் ஒரு ஃபேஷியல் இலவசம். ஏதோ ஒரு திரவத்தைத் தடவி, சுருக்கென்று குத்தியதும் துடைத்தார்கள். என்ன ஆசிட், எத்தனை சதவீதம் என்று கேட்டேன். "பழச்சாறுதான்க்கா, நேச்சுரல்" என்றது அந்தப் பொண்ணு. பாட்டிலில் லேபிள் இல்லை. எந்த ரசாயனமும் லேபிளும் பாதுகாப்புத் தாளும் இல்லாமல் எங்கள் சாயப்பட்டறைக்குள்கூட வராது. கொஞ்ச நாளில் தோல் உரிந்து, புதுத் தோல் இளஞ்சிவப்பாக வந்தது, பேக்கேஜ் முடிவதற்குள் பழையபடி கருத்துவிட்டது. மிச்சப் பணத்தைக் கேட்டதற்கு "அதுக்குப் பதிலா ஹேர் ஸ்பா பண்ணிக்கோங்க" என்றார்கள். ஆசிட் தடவித் தோலின் மேலடுக்கை உரிக்கும் கெமிக்கல் பீல் என்பதே மோசடி இல்லை. தோல் மருத்துவர் கையில், அளவு தெரிந்து செய்தால் பலன் உண்டு. பெயர் தெரியாத திரவத்துக்கு மட்டும் கையைத் தூக்காதீர்கள்.

உண்மையான சேதம் மெடிக்கல் ஷாப்பில்தான் ஆரம்பித்தது. கடை அண்ணன் ஒரு சின்ன ட்யூபை எடுத்துக் கொடுத்து, "இது நல்லா போகுதும்மா, எல்லாரும் வாங்குறாங்க" என்றார். பத்து நாளிலேயே பளிச்சென்று தெரிந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆளுக்கு ஆள் சொல்லிவிடலாமா என்றுகூட யோசித்தேன். ட்யூப் தீர்ந்ததும் நிறுத்தினேன். நிறுத்திய சில நாளில் சிவந்து, எரிந்து, பழைய கருப்பைவிடக் கருப்பாகத் திரும்பியது. பயந்துபோய் மறுபடி வாங்கினேன். பூசினால் அடங்கும், நிறுத்தினால் எகிறும். இப்படியே சில மாதம் ஓடியது. ஒரு நாள் குளிக்கும்போது பார்த்தால் அக்குள் மடிப்பில் ஊதா நிறத்தில் கோடு கோடாக, பிரசவக் கோடு மாதிரியே. தோல் மெலிந்து, உள்ளே இருக்கும் ரத்தக்குழாய் தெரிந்தது. அன்றைக்கு அழுதேன், சோப்பு நுரையோடு நின்றுகொண்டே.

அந்த ட்யூபில் இருந்தவை ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாயின், மொமெட்டசோன். முதலாவது நிறமியைக் குறைப்பது, இரண்டாவது தோலை உரித்துப் புதுப்பிப்பது, மூன்றாவது ஒரு ஸ்டீராய்டு. முகத்தில் வரும் மங்குக்கு, மருத்துவர் பார்வையில், கொஞ்ச காலம் மட்டும் கொடுக்கும் கலவை இது. அக்குள் தோல் மெலிசு, மடிப்பு வேறு. மேலே பூசும் ஸ்டீராய்டு முன்கையில் உறிஞ்சப்படுவதைப் போல மூன்று, நான்கு மடங்கு அங்கே உள்ளே போகும். ஆரம்பத்தில் வெளுப்பதும் அதனால்தான், பிறகு தோல் பிய்ந்துபோவதும் அதனால்தான். படர்தாமரை போன்ற பூஞ்சை ஏற்கெனவே இருந்தால் இன்னும் மோசம்: அரிப்பும் சிவப்பும் அடங்கின மாதிரி தெரியும், பூஞ்சை மட்டும் உள்ளுக்குள் பரவிக்கொண்டிருக்கும். 2018-இல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு மேற்பூச்சு மருந்துகளைச் சீட்டு இருந்தால்தான் விற்க வேண்டும் என்று ஆக்கியது. கடைகளில் நடப்பது உங்களுக்கே தெரியும். அதனால் பூசும் மருந்து எதுவானாலும் அட்டையைத் திருப்பி, 'சோன்', 'சால்', 'லோன்' என்று முடியும் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், ஃப்ளூசினோலோன் எல்லாம் ஸ்டீராய்டுதான். ஏற்கெனவே பூசிக்கொண்டிருந்தால் நீங்களாகத் திடீரென்று நிறுத்திவிட்டு, எரிகிறதே என்று திரும்பவும் பூசிச் சுழலில் மாட்டிக்கொள்ளாதீர்கள். ட்யூபையும் அட்டையையும் எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் போங்கள், எப்படி நிறுத்துவது என்று அவர் சொல்வார்.

நான் கோயம்புத்தூரில் ஒரு தோல் மருத்துவரிடம் போனேன், அம்மா வயதுக்காரர். திட்டுவார் என்று நினைத்துப் போனேன். திட்டவில்லை, ட்யூபைப் பார்த்துவிட்டுத் தலையை மட்டும் ஆட்டினார். பிறகு அக்குளைப் பார்க்காமல் "கழுத்தைக் காட்டுங்க" என்றார். பின்னங்கழுத்தில் எனக்குக் கொஞ்சம் கருப்பு இருந்தது. தாலிக்கொடி உரசுவதால் என்று சொன்னேன். "தாலிக்கொடி முன்பக்கமும்தான் உரசுது. அங்க ஏன் கருக்கல?" என்று கேட்டார். பதில் இல்லை. ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் என் பின்னங்கழுத்தை அழுத்தித் துடைத்து, அந்தப் பஞ்சை என் கண்ணுக்கு நேரே நீட்டினார். வெள்ளையாகவே இருந்தது. எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் போகாமல், ஸ்பிரிட்டில் துடைத்தால் மட்டும் வந்துவிடும் ஒருவகை அழுக்குப் படலமும் சிலருக்கு இருக்குமாம். அது இல்லை என்று உறுதிசெய்வதற்காகத் துடைத்திருக்கிறார். "அம்மாகிட்ட சொல்லுங்க, அழுக்கு இல்லைன்னு" என்றார். கழுத்து ஓரத்தில் இருந்த சின்னச் சின்னத் தோல் மருக்களையும் தொட்டுப் பார்த்தார். அவை வெயில் மரு என்று நான் விட்டுவிட்டவை.

விளக்கை அணைத்துவிட்டு ஒரு புற ஊதாக்கதிர் விளக்கையும் அக்குளில் பிடித்துப் பார்த்தார். எரித்ராஸ்மா என்று ஒரு பாக்டீரியாத் தொற்று உண்டு, அதுவும் அக்குளில் பழுப்புத் திட்டாகத்தான் வரும். அந்த வெளிச்சத்தில் பவழச் சிவப்பாக மின்னும், ஆன்டிபயாட்டிக்கில் சரியாகிவிடும். அப்போதுதான் குளித்துவிட்டுப் போனால் அந்த மின்னல் தெரியாமல் போகலாமாம். நாமோ டாக்டரிடம் போகிறோமே என்று பளபளவென்று குளித்துவிட்டுத்தானே போவோம். எனக்கு அது இல்லை. அப்புறம் துணிச் சாயமாக இருக்குமோ என்று என் தொழில் சந்தேகத்தைக் கேட்டேன். கருப்பு, நீலப் பாலியஸ்டர் துணிகளில் போடும் சில டிஸ்பர்ஸ் சாயங்கள் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது என்று எங்களுக்கே தெரியும். அவர் சொன்னது எனக்குப் புதுசு: துணியால் வந்தால் அக்குளின் ஓரத்தில், துணி உரசும் இடத்தில்தான் பெரும்பாலும் இருக்கும், நடுக்குழி தப்பித்துவிடும், டியோடரண்டால் வந்தால் நடுக்குழியே சிவந்து அரிக்கும். வீட்டில் கண்ணாடியில் பார்த்தே ஓரளவு சொல்லிவிடலாம். உறுதி வேண்டுமென்றால், சந்தேகப்படும் பொருளைத் தோலில் ஒட்டிவைத்துப் பார்க்கும் பேட்ச் டெஸ்ட் இருக்கிறது.

எனக்கு இருந்தது அகாந்தோசிஸ் நைக்ரிகன்ஸ். உடம்பு இன்சுலினுக்குச் சரியாக மசியாதபோது கணையம் இன்னும் அதிகமாக இன்சுலினைச் சுரக்கும். அந்த மிதமிஞ்சிய இன்சுலின் தோல் செல்களில் இருக்கும் வளர்ச்சி வாங்கிகளைத் தூண்டிவிடுகிறது. செல்கள் பெருகி, தோல் தடித்து, மடிப்பு மடிப்பாகிறது. அதாவது நிறமி கூடியதைவிடத் தோல் தடித்ததுதான் கருப்பாகத் தெரிவதற்கு முக்கியக் காரணம். ஒரே சாயத்தில் முக்கி எடுத்தாலும் பனியன் துணியைவிட வெல்வெட் கருப்பாகத் தெரிகிற மாதிரி. இதைக் கேட்டதும்தான் வெளுக்க வைக்கும் கிரீம்கள் ஏன் தோற்றன என்று எனக்குப் புரிந்தது. அவை நிறமியைத் துரத்திக்கொண்டிருந்தன. அதன் மேலேயே ரேசர், எலுமிச்சை, பீல், ஸ்டீராய்டு என்று ஒவ்வொன்றும் விட்டுப்போன தழும்புக் கருப்பும் ஏறியிருந்தது. அக்குள் கருப்புக்கு இப்படி ஒன்றுக்கு மேற்பட்ட காரணம் இருப்பது சகஜமாம்.

ரத்தம் எடுத்தார்கள். வெறும் வயிற்றுச் சர்க்கரை 104, இன்சுலின் 22, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி 6.0. சர்க்கரையையும் இன்சுலினையும் பெருக்கி 405-ஆல் வகுத்தால், உடம்பு இன்சுலினுக்கு எவ்வளவு மசியவில்லை என்று காட்டும் ஹோமா-ஐஆர் என்று ஒரு எண் வரும், எனக்கு 5.6. ஆய்வகத்துக்கு ஆய்வகம் எல்லை மாறும், 2.5-ஐத் தாண்டினாலே பொதுவாகக் கவனிப்பார்கள். ஹெச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை என்றால் சர்க்கரை நோய்க்கு முந்தைய கட்டம். தைராய்டு சரியாக இருந்தது, ஸ்கேனில் பிசிஓடி, அதாவது சினைப்பை நீர்க்கட்டி. மாதவிடாய் தள்ளிப்போனது, எடை இறங்காதது, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மேசையிலேயே கண் சொருகியது, கழுத்து, அக்குள் எல்லாம் ஒரே கதையின் பக்கங்கள். 2023-இல் வெளிவந்த ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) ஆய்வு நாட்டில் 20 வயதுக்கு மேற்பட்டவர்களில் 15.3 சதவீதம் பேர் இந்த முந்தைய கட்டத்தில் இருப்பதாகச் சொல்கிறது. அதில் எத்தனை பேர் கழுத்தைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார்களோ! இன்சுலின் பரிசோதனைக்குக் காசு இல்லையென்றால் கவலை வேண்டாம், சர்க்கரையும் ஹெச்பிஏ1சியும் பார்த்தாலே மருத்துவருக்குப் பெரும்பாலும் போதும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் பிரிவு இருக்கிறது, வெளிநோயாளிகளுக்குக் கட்டணம் கிடையாது. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே சர்க்கரை பார்த்துவிடுவார்கள்.

சிகிச்சை மந்தமாகத்தான் நடந்தது. முதலில் தோலை ஆறவிட வேண்டும் என்று டியோடரண்ட், ரேசர், ஸ்க்ரப் எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். வாசனை இல்லாத மாய்ஸ்சரைசர் மட்டும். திருப்பூர் வெயிலில் டியோ இல்லாமல் எப்படி என்று பயந்தேன். காலை, மாலை இரண்டு வேளை குளித்து, துண்டால் ஒற்றி ஒற்றி ஈரம் போகத் துடைத்து, மதியம் ஆபீஸில் பனியனை மாற்றிக்கொண்டு ஓட்டினேன். ஆர்ம்ஹோல் இறுக்கமான குர்தாக்களைத் தங்கைக்குக் கொடுத்துவிட்டேன். முடிக்கு ட்ரிம்மர். ஸ்டீராய்டு எரிச்சல் அடங்க ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. அதன் பிறகுதான் தடிப்பைக் குறைக்க யூரியாவும் லாக்டிக் ஆசிடும் கலந்த லோஷன், அப்புறம் 0.025 சதவீத ட்ரெட்டினாயின், ஒரு நாள் விட்டு ஒரு நாள் இரவு, மெலிதாக. எரிந்தால் இரண்டு நாள் விட்டுவிடச் சொன்னார். கர்ப்பமாக இருப்பவர்களும் அதற்குத் திட்டமிடுபவர்களும் ட்ரெட்டினாயினைத் தொடக் கூடாது, மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள். கருத்தடை மாத்திரை, ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுபவர்களும் சொல்ல வேண்டும். சில மாத்திரைகளாலும் இந்தக் கருப்பு வரும்.

உள்ளுக்கு, பொது மருத்துவர், உடம்பை இன்சுலினுக்கு மசிய வைக்கும் மெட்ஃபார்மின் மாத்திரையை ஆரம்பித்தார். எனக்குக் கொடுத்தார் என்பதற்காக யாரும் தானாக வாங்க வேண்டாம். சாப்பாட்டில் நான் பெரிதாக எதையும் ஒதுக்கவில்லை: இரவுச் சோற்றைப் பாதியாக்கி, காயையும் பயறையும் கூட்டினேன். ஆபீஸில் சாயங்கால டீயோடு வரும் பன்னை விட்டேன், அதுதான் இருப்பதிலேயே கஷ்டம். இரவு சாப்பிட்டதும் வீட்டுக்காரரோடு நடை. ஏன் திடீரென்று நடை என்று அவர் கேட்டபோதுதான் முழுக் கதையையும் சொன்னேன். "இதுக்கா இத்தனை நாள் லைட்டை அணைச்சுட்டு இருந்தே?" என்றார், அவ்வளவுதான். ஏழெட்டு மாதத்தில் 65 கிலோவுக்கு வந்தேன். இந்தியர்களுக்கான கணக்கில் இது இன்னும் உடல் பருமன்தான், ஆனால் தோலுக்கு அதுவே போதுமாக இருந்தது. முதலில் கழுத்து மிருதுவானது, நிறம் அதற்குப் பிறகுதான் இறங்கியது. அக்குள் இப்போது பழைய பழுப்பு. ஊதாக் கோடுகள் வெள்ளையாகி அப்படியே நிற்கின்றன, அவை போகாது.

பணக் கணக்கு கேட்பவர்களுக்கு: பார்லருக்கு ஒன்பதாயிரம், சீரம், ஸ்க்ரப், வெளுக்க வைக்கும் ரோல்-ஆன் வகையில் ஆறாயிரம், ட்யூப்களுக்கு இரண்டாயிரம் சொச்சம். பதினேழாயிரத்துக்குக் குறையாது. மருத்துவர் ஃபீஸ், ரத்தப் பரிசோதனை, முதல் மாத மருந்து எல்லாம் சேர்த்து நாலாயிரத்துக்குள் முடிந்தது.

குழந்தைகள் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் குண்டான பிள்ளையின் பின்னங்கழுத்து கருத்திருந்தால் "குளிக்கிறதே இல்லை" என்று திட்டித் தேய்க்காமல் ஒரு தடவை சர்க்கரை பாருங்கள். அதேபோல, ஒல்லியாக இருக்கும் நடுத்தர வயதுக்காரருக்கு இந்தக் கருப்பு திடீரென்று வந்து வேகமாகப் பரவினால், உள்ளங்கை தடித்தால், வாய்க்குள்ளும் தெரிந்தால், எடையும் குறைந்தால் தள்ளிப்போடவே கூடாது. அபூர்வம்தான் என்றாலும் வயிற்றுப் புற்றுநோயின் அறிகுறியாக இருக்கலாம். கட்டி கட்டியாக வந்து உடைந்து சீழ் வடிவதும் வேறு நோய், அதற்குத் தனி வைத்தியம்.

லேசர் பற்றி ஆபீஸில் பல பேர் கேட்கிறார்கள். முடியைக் குறைக்கும் லேசர், மழிப்பதால் வரும் எரிச்சலைத் தடுக்கும், அந்த அளவுக்கு உதவும். நம் நிறத்துக்கு 1064 நானோமீட்டர் என்டி-யாக் வகை பாதுகாப்பானது என்கிறார்கள். எந்த மெஷின், யார் பிடிக்கிறார் என்று கேட்டுவிட்டுத்தான் படுக்க வேண்டும், சூடுபட்டுக் கொப்புளித்தால் அதுவே புதுக் கருப்பு. இன்சுலின் கூடுதலாக இருக்கும்வரை தடிப்பு திரும்ப வரும் என்பதால் என் மருத்துவர் முதலில் ரத்த அளவு இறங்கட்டும் என்றார். போன முறை ஹெச்பிஏ1சி 5.6 வந்தது. லேசருக்கு இன்னும் போகவில்லை, ட்ரிம்மரே போதும் என்று தோன்றுகிறது.